லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் டவர் கிடைத்த கதை

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில் போன் சிக்னல் எடுக்காது. அந்தக் குறைதான் அவருக்கு நிம்மதி. மாலை ஷிஃப்டுக்கு வேறு ஆள் இருந்தாலும் சூப்பர்வைசர் இவரைத்தான் கூப்பிடுவார். மறுநாள், "எங்க வீட்ல டவரே கிடைக்காது சார்" என்று முகத்தைத் தொங்கப்போட்டால் போதும்.

ஆனால் வெளியூரில் படிக்கும் மகளோடு பேச, மனைவி சமையலறை ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருந்தது. நேற்று ஸ்டூல் ஆடி, விழப் பார்த்தாள்.

"ஒரு சிக்னல் பூஸ்டர் மாட்டிடலாங்க."

பூஸ்டர் வந்தால் சூப்பர்வைசர் போனும் வந்துவிடும் என்று அவருக்குப் பட்டது. முடியாது என்றால் கதை கந்தலாகிவிடும். வேலை செய்யும் கட்டிடங்களில் கேட்டதையெல்லாம் எடுத்துவிட்டார்.

"கண்ட பூஸ்டரை மாட்டினா தெருவுக்கே போன் கெட்டுப்போகும். போன் கம்பெனி அனுமதி வேணும்."

"அப்புறம்?"

"மாடியில ஆன்டெனா வைக்கணும். கரண்ட் கம்பி கிட்ட வரக்கூடாது. இடி விழுந்தா? எர்த் போடணும்."

"அப்புறம்?"

"உள்ள ஒரு பெட்டி. அது மாடி ஆன்டெனாவுக்குக் கிட்ட இருந்தா சிக்னல் ஒண்ணோட ஒண்ணு மோதிக்கும். பெட்டிய ஒட்டி மனுஷங்க உட்காரவும் கூடாது. நம்ம வீட்ல இடம் ஏது?"

மனைவி பேனாவை எடுத்தாள். எல்லாவற்றையும் காலண்டர் தாளின் பின்னால் எழுதிக்கொண்டாள். அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

அன்று மாலையும் ஸ்டூல் மேலிருந்து குரல் வந்தது. "காய்ச்சல் விட்டுதாம்மா? கேக்குதா? அம்மா பேசறது கேக்குதா?" லைன் அறுந்தது. அவர் பேப்பரைப் புரட்டினார். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. தன்னை நினைத்து வெட்கமாக இருந்தது. ஆனாலும் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்தால், மாடியில் கரண்ட் கம்பிக்கு எட்டாத மூலையில் ஆன்டெனா. எர்த் கம்பி தரைவரை இறங்கியிருந்தது. ஹாலில் அவர் சாய்வு நாற்காலி கிடந்த மூலையில் வெள்ளைப் பெட்டி. நாற்காலி சமையலறையில், வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில்.

"யார் செஞ்சது இதெல்லாம்?"

"போன் கம்பெனி ஆளுங்கதான். நீங்க சொன்னதை அப்படியே அவங்க ஆபீஸ்ல படிச்சேன். இவ்வளவு விவரமா யாரும் கேட்டதில்லையாம்."

அவர் போன் அடித்தது. மகள்.

"அப்பா, காய்ச்சல் விட்டுடுச்சு. எல்லாம் நீங்களே பாத்துப் பாத்து செஞ்சீங்களாமே? அம்மா சொன்னாங்க."

பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலிருந்தது.  இதையா இத்தனை நாள் தள்ளிப்போட்டோம் என்று நினைத்தார்.

மகள் வைத்ததும் போன் மறுபடி அடித்தது. திரையில் சூப்பர்வைசர்.

உரிக்கச் சொல்லி அவர் கையில் ஒரு வெங்காயத்தைக் கொடுத்த மனைவி, திரையை எட்டிப் பார்த்துவிட்டு அதைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

"எடுங்க. லைன் கிடைக்குதான்னு பாக்க முதல் போன் அவருக்குத்தான் போட்டேன்."