எல்லாம் டிரைவர் பிழை

ஒரு கூட்டத்தில் எல்லோரும் சண்டை போடாமல் ஒத்துப்போனால், அங்கே வராத யாரோ ஒருவர் தலையில் மிளகாய் அரைத்தாயிற்று என்று பொருள். இது இப்போது தெரிகிறது. அப்போது அதை என் திறமை என்று நினைத்தேன்.

எண்ணூர் பக்கத்து கன்டெய்னர் யார்டுகள், எடைமேடைக்காரர்கள், கப்பல் ஏஜென்டுகள் எல்லோரும் சேர்ந்து, தங்கள் சாஃப்ட்வேர்கள் ஒன்றோடொன்று பேச ஒரு பொது விதிமுறை வகுத்தார்கள். அதில் எக்செப்ஷன்களை வகை பிரிக்கும் வேலை எனக்கு. (பயப்பட வேண்டாம். ஒரு வேலை நடக்காவிட்டால் ஏன் நடக்கவில்லை என்று கம்ப்யூட்டர் சொல்லும் காரணத்துக்குத்தான் அந்தப் பெயர்.)

‘யார்டு பிழை’ என்று ஒரு வகை எழுதிக்கொண்டு போனேன். “எங்க பேரு கெட்டுடும் சார்” என்றார் யார்டு மேனேஜர். அடித்தேன். ‘எடைமேடை பிழை’க்கு அதன் முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அதையும் அடித்தேன். ஏஜென்ட் வாயைத் திறப்பதற்குள் அவருடையதை நானே அடித்துவிட்டேன். (மரியாதை தெரிந்த பிள்ளை!) மிஞ்சியது ‘டிரைவர் பிழை’. டிரைவர்களைத்தான் யாரும் கூப்பிடவில்லையே! எதிலும் சேராத கோளாறெல்லாம் இதற்குள் வரும், இந்தப் பிழை காட்டினால் வண்டி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும் என்று எழுதி முடித்தேன். கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அது அமலுக்கு வந்த அன்றுதான் என் தங்கை ஸ்டெல்லாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை சேவியர் சொந்தமாக ஒரு டிரெய்லர் ஓட்டுகிறவர். காலையில் ஒரே ஒரு லோடு இறக்கிவிட்டு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். சாயங்காலம் ராயபுரத்து ஹாலில் ஃபாதர் வந்து உட்கார்ந்துவிட்டார். பிரியாணிக்கு தம் உடைத்தாயிற்று. மாப்பிள்ளையைக் காணோம். “பையனுக்கு இஷ்டம் இல்லியோ?” என்று பெரியம்மா கிசுகிசுத்தது ஸ்டெல்லா காதில் விழுந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து, பதறி அவருக்குப் போன் போட்டேன்.

“மச்சான், யார்டு கேட்டாண்டதான் கீறேன். டிரைவர் பிழைன்னு வருது. பின்னாடி போ சொல்றான். சுத்தி வந்தா மறுபடி அதேதான்.”

“மத்த வண்டியெல்லாம்?”

“எல்லாம் சுத்திகினுதான் கீது. லோடு வண்டிய ரோட்ல வுட்டுட்டும் வர முடில. நீ படிச்சவன், நான் இன்னா தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லு. திருத்திக்கிறேன்.”

யார்டு மேனேஜரைப் போனில் பிடித்து விசாரித்தால், அங்கே நெட் கேபிளை எலி கடித்திருந்தது. எலிக்கு நான் வகை எழுதவில்லை. ஆகவே அதுவும் டிரைவர் கணக்கு. என் புண்ணியத்தில் திருவொற்றியூர் வரை வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. ஒரு வண்டியும் உள்ளே போகவில்லை.

“யாருண்ணா இந்த ரூல எழுதுனது?” என்றாள், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஸ்டெல்லா.

“நான்தான்.”

அவள் கத்தவில்லை. என் போனை வாங்கி மாப்பிள்ளைக்கே மறுபடி போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி நீட்டினாள். எலியையும் என் விதியையும் சொன்னேன்.

“அப்ப என் மேல தப்பு இல்ல?”

“இல்ல மாப்ள.”

“இரு, நானும் ஸ்பீக்கர் போடறேன். இங்க எல்லார் காதுலயும் வுழற மாதிரி சொல்லு.”

ஒரு பக்கம் ஃபாதர் உட்பட எங்கள் சொந்தபந்தம், மறுபக்கம் எண்ணூர் ரோட்டு டிரைவர்கள். “டிரைவர் மேல தப்பு இல்ல, நான் எழுதினதுதான் தப்பு” என்று கத்தினேன். அந்தப் பக்கம் விசில் பறந்தது. சற்று நேரத்தில் டிரைவர்கள் எல்லோருமாக நெருக்கி, மேனேஜரை, கம்ப்யூட்டரை விட்டுவிட்டுக் கையாலேயே கேட்டைத் திறக்க வைத்தார்கள். கிரீஸ் படிந்த சட்டையோடு வந்து சேவியர் மோதிரம் போட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த கூட்டத்துக்கு டிரைவர்களும் வந்தார்கள். நாளெல்லாம் சண்டை நடந்து, விதிமுறை உருப்பட்டது. வருஷங்கள் ஓடியும் தங்கை வீட்டில்தான் இன்னும் திருத்தம் வரவில்லை. அங்கே உள்ளது ஒரே வகை. மீன்குழம்பில் உப்பு கூடினாலும், மோட்டார் ஓடாவிட்டாலும் அது ‘மச்சான் பிழை’. போன வாரம் தங்கை குடும்பத்தோடு போயிருந்த வண்ணாரப்பேட்டை கடைத்தெருவில் மழை கொட்டித் தீர்த்தது. எங்களோடு ஒதுங்கி நின்ற ஓர் அம்மா, “இன்னாடா இது, நேரங்கெட்ட நேரத்துல!” என்று அலுத்துக்கொண்டார்.

ஸ்டெல்லாவின் மகள் என்னைக் கைகாட்டினாள். “எங்க மாமாதான் ஆன்ட்டி.”