மடிப்பு அண்ணாச்சியும் தாலிப் பெட்டியும்

பரோட்டாவை எட்டாக மடித்துச் சாப்பிட்ட மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் துபாய் கராமாவில் என் கட்டிலுக்கு மேல் கட்டிலில் படுத்திருந்தார். சங்கரன்கோவில் பக்கத்து ஆள். பாஸ்போர்ட்டில் ஏதோ ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். எங்கள் ரூமுக்கும், கீழே டீக்கடைக்காரருக்கும், வாட்ச்மேன் பாய்க்கும் அவர் மடிப்பு அண்ணாச்சி.

ஒரு காகிதம் அவர் கைக்குப் போனால் போன உருவத்தில் திரும்பாது. மெட்ரோ வாசலில் நீட்டும் பீட்சா நோட்டீஸ், அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் மூடி போட்ட டப்பாவாகியிருக்கும். ‘சத்தம் போடாதீர்கள்’ என்று வாட்ச்மேன் எங்கள் கதவில் ஒட்டிய அறிவிப்பில்தான் நாங்கள் கடுகு போட்டு வைத்திருந்தோம். ஒருமுறை லேட்டாகப் போனதற்காக குடோன் மேனேஜர் வார்னிங் மெமோ கொடுத்தார். அவர் திட்டி முடிப்பதற்குள் அண்ணாச்சி அதை மூன்று அறைகள் உள்ள பெட்டியாக மடித்து அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு, “ஸாரி சார்” என்று வந்துவிட்டார். மேனேஜர் இன்றுவரை அதில்தான் குண்டூசி வைத்திருக்கிறார் என்று கேள்வி.

இந்த வியாதி முற்றியது ஒரு சட்டைப் பட்டனால். சீனக் கடைகள் இருக்கும் மார்க்கெட்டுக்குப் பட்டன் வாங்கப் போனவர், சாயங்காலம் பட்டன் இல்லாமல், முகமெல்லாம் பிரகாசமாகத் திரும்பி வந்தார்.

“லேய், ஒரு சீனத்து அக்கா ஊசி நூலு வைக்க ஒரு பை வச்சிருக்கு. அத பையின்னும் சொல்ல முடியாது, பெட்டின்னும் சொல்ல முடியாது. மூடினா ஒல்லி நோட்டு. தொறந்தா அடுக்குமாடி!”

சீனாவில் மலைப்பக்கத்துப் பெண்கள் பரம்பரையாகக் காகிதத்தை மடித்தே செய்வதாம். மேலே வரிசையாகக் குட்டிக் குட்டிச் சதுரங்கள். இரண்டு ஓரத்தையும் கிள்ளி இழுத்தால் ஒவ்வொன்றும் குஞ்சு மாதிரி வாயைத் திறக்கும். அந்த வரிசையை அப்படியே தூக்கினால் அடியில் கொஞ்சம் பெரிய அறைகள். அதற்கும் அடியில், இருப்பதே வெளியில் தெரியாத ஒரு பெரிய அறை.

அதன் பிறகு அண்ணாச்சியின் விடுமுறை நாளெல்லாம் அந்தக் கடையில்தான் போனது. அந்த அக்காவுக்குத் தமிழ் தெரியாது, இவருக்குச் சீனம் தெரியாது. நான் ஒருநாள் கூடப் போய் அந்த வகுப்பைப் பார்த்தேன்.

“பையா, நோ! கட் மாஃபி! ஃபோல்ட், ஃபோல்ட்!” என்றது அக்கா, வெட்டக் கூடாது என்பதை அரைகுறை அரபியில்.

“அச்சா, அச்சா. இங்கன ஒரு மடி, அங்கன ஒரு மடி. ஓகே?”

“ஓகே. யல்லா, எகைன்!”

ஐ.நா. சபையில்கூட இவ்வளவு சுமுகமாகப் பேச்சுவார்த்தை நடந்திருக்காது.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் கவிதா, துபாயிலேயே ஒரு கிளினிக்கில் நர்ஸ், மதுரைக்காரி. பர் துபாய்ப் பகுதியில் ஓர் ஓட்டலின் மாடி ஹாலில் சின்னதாகக் கல்யாணம் என்று முடிவாயிற்று. தாலியை வாங்கிவிட்டேன். ஆறு பேர் படுக்கும் ரூமில் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையணைக்குள் வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் கிடந்தேன். அண்ணாச்சி மேல் கட்டிலில் இருந்து தலையைத் தொங்கப் போட்டார்.

“எங்கிட்ட குடு. சீனப் பெட்டில வச்சித் தாரேன். எவனாலயும் எடுக்க முடியாது பாத்துக்க.”

எவனாலும் என்பதில் நானும் அடக்கம் என்று அப்போது தோன்றவில்லை.

பெட்டி பிரமாதமாக இருந்தது. வெளியே சிவப்புக் காகிதம், உள்ளே மஞ்சள், ஓரங்களில் மைதாப் பசை. தாலியை அடியறையில் வைத்து, திறக்கும் விதத்தை எனக்குச் செய்து காட்டினார். தலையாட்டினேன். ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை முகூர்த்தம். பத்தரைக்கு ராகுகாலம் என்பதால் அதற்குள் தாலி ஏறிவிட வேண்டும். அண்ணாச்சிக்கு அன்று டியூட்டி. “பர்மிஷன் போட்டு ஓடியாந்திருவேன்” என்றார்.

காலையில் போட்டோகிராபர் என்னைக் கிரீக் என்னும் கடற்கழி ஓரத்தில் பட்டுச் சட்டையோடு நிற்க வைத்துப் படம் எடுத்தார். ஆவணியில் துபாய் காற்றைப் பிழிந்து ஒரு வாளி தண்ணீர் எடுக்கலாம். பெட்டி என் சட்டைக்குள் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. நான் நனைந்தேன், அதுவும் நனைந்தது.

மணவறையில் ஐயர், “தாலியைக் கொடுங்கோ” என்றார். பெட்டியை எடுத்து முதல் சதுரத்தைக் கிள்ளினேன். கிராம்பு. இரண்டாவதில் சேஃப்டி பின். அடுத்ததில் புளிப்பு மிட்டாய். அதற்கடுத்து தலைவலி மாத்திரை. கல்யாண மாப்பிள்ளைக்கு என்னென்ன தேவைப்படும் என்று யோசித்து யோசித்து வைத்திருக்கிறார்! அடுக்கைத் தூக்கிப் பார்த்தேன். அது வரவில்லை. பசை ஊறி, அடியறையோடு ஒன்றாகிவிட்டது.

மாமனார் குனிந்து மெதுவாகக் கேட்டார். “மாப்ள, தாலி வாங்குனீங்களா, இல்லையா?”

“வாங்கிட்டேன் மாமா. உள்ளதான் இருக்கு.”

“எதுக்குள்ள?”

நான் பெட்டியைக் காட்டினேன். அவர் தலைவலி மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார். மாமியாரின் கண் கலங்கியது. எங்களுக்குப் பிறகு அந்த ஹாலில் ஒரு பிறந்தநாள் விழா. அதற்கு பலூன் கட்ட வந்திருந்த பையன்கள்கூட வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

“கிழிச்சிர வேண்டியதுதானே!” என்றார் மாமனார்.

“இருங்கப்பா. ஆசையா செஞ்சு குடுத்திருக்காரு. ஒரு போன் போட்டுக் கேப்போம்” என்றாள் கவிதா.

போட்டோம். டாக்ஸிக்குள் இருந்து அண்ணாச்சியின் குரல்: “எடது ஓரத்த கிள்ளு... அந்த எடது இல்லல, எனக்கு எடது!” லைன் போய்விட்டது. ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் ஐயரைப் பார்க்கவில்லை.

கடைசியில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தே விட்டார். காலில் சேஃப்டி ஷூ, உடம்பில் மினுமினுக்கும் குடோன் ஜாக்கெட், அதன்மேல் பட்டு அங்கவஸ்திரம். பெட்டியை வாங்கி விரலால் தடவினார். முகம் சுருங்கிவிட்டது.

“வேர்வைல ஊறிப் போச்சேடே. இனி இது தொறக்காது.” அண்ணாச்சி பலூன் பையன் பக்கம் திரும்பினார். “தம்பி, அந்தக் கத்தரிய இங்கன குடு.”

கத்தரியை வாங்கிவிட்டார். ஆனால் வெட்ட முடியவில்லை. காகிதத்தை மடித்தே பழகியவர், கத்தரியை விரிப்பதும் மூடுவதுமாக நின்றார்.

“குடுங்கண்ணே. தினமும் தையல் பிரிக்கிறவதானே நான்” என்று கவிதா கையை நீட்டினாள். மாலையை ஒதுக்கிக்கொண்டு, வளையல் குலுங்காமல், பசை ஒட்டிய ஓரத்தை மட்டும் மெல்லிசாக ஒரு வெட்டு. உள்ளே விரலை விட்டு, மஞ்சள் கயிற்றோடு தாலியை வெளியே எடுத்தாள். தன் தாலியைத் தானே ஆபரேஷன் செய்து எடுத்த மணப்பெண் வேறெங்காவது இருந்தால் எழுதிப் போடுங்கள்.

“கெட்டிமேளம்!” என்று கத்தியது ஐயர் இல்லை, அண்ணாச்சி. யாரோ செல்போனில் நாதஸ்வரத்தை அலற விட்டார்கள். பலூன் ஒன்று வெடித்தது. மாமனார் எல்லோரையும்விட முன்னால் அட்சதையைத் தூவிவிட்டு, ஒரு நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்து, “அப்பாடா” என்றார். அந்த அப்பாடாவில் இரண்டு குடும்பமும் சேர்ந்தே மூச்சு விட்டது. எனக்குக் கால் தரையில் பட்டதே அப்போதுதான்.

பந்தியில் அண்ணாச்சி இலைக்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருந்தார். பெட்டி போனதற்கு அழுகிறார் என்று நினைத்து, “பாத்துப் பாத்துச் செஞ்சதாச்சே, மன்னிச்சிருங்க அண்ணாச்சி” என்றேன்.

“பெட்டி கெடக்கு, போ. நாளைக்கே இன்னொண்ணு மடிச்சிருவேன். டாக்ஸில வரும்போது எனக்கு உசுரே இல்லல. என்னால ஒரு பொம்பளப் பிள்ள கல்யாணம் நின்னு போச்சுன்னா என்ன செய்வேன்னு... நல்லபடியா முடிஞ்சுதே. பாயசம் ஊத்தச் சொல்லு.”

இப்போது அவரை ஓமன் நாட்டுச் சலாலாவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே மழை பெய்யும்போது நோட்டீஸ் எல்லாம் நமுத்துப் போய் மடிக்க வரவில்லை என்று போனில் புலம்புவார். லீவில் துபாய் வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்குவார். விருந்தாளிகளுக்கென்று ஹாலில் ஒரு நல்ல சோபா வாங்கிப் போட்டிருக்கிறோம். அவர் வரும் நாட்களில் அதில் நான் படுக்கிறேன், கவிதா பக்கத்தில் பாய் விரித்துக்கொள்கிறாள். பெட்ரூம் அண்ணாச்சிக்கு.