தலையாட்டும் ஆதாரம்

அறிவை வளர்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தேடிக் கண்டுபிடிப்பது. மற்றது, அடுத்தவர் கண்டுபிடித்த பிறகு "இது எங்களிடம் எப்போதோ இருந்தது" என்பது. யானையியல் ஆய்வுக் கழகம், செலவு குறைந்த இரண்டாவது வழியில் உலகத்துக்கே முன்னோடி.

அந்தப் பெருமை கழகத்தின் சமஸ்கிருதப் பண்டிதரைத்தான் சேரும். கழகத்தில் அவருக்குச் சுலோகத்தார் என்று பெயர். காலையில் விஞ்ஞானி எதையாவது கண்டுபிடித்தால், மதியச் சாப்பாட்டுக்குள் அதற்கொரு பழைய சுலோகம் எடுத்துக் கொடுத்துவிடுவார். யானைகள் தரை அதிர்வால் பேசிக்கொள்கின்றன என்று தெரியவந்த அன்று மட்டும் கொஞ்சம் தாமதம். மாலைக் காப்பிக்குத்தான் கிடைத்தது.

இயக்குநர் எது சொன்னாலும் கழகமே தலையாட்டும். சுலோகத்தார் ஒரு பிடி கூடுதலாகவே ஆட்டுவார். மகளுக்கு அங்கே வேலை கேட்டிருந்தார், பாவம்.

முற்றத்தில், காட்டிலிருந்து "ஆய்வு நிமித்தம்" கொண்டுவந்த யானை ஒன்று சங்கிலியில் நின்றது. அதுவும் நாள் முழுக்கத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. அதன் முன்னால்தான் மாநாடு.

"கட்டிப்போட்ட யானை இப்படி ஓயாம ஆட்டுறது மனசு நொந்துபோனதுக்கு அறிகுறி. இது புத்தம்புதுக் கண்டுபிடிப்பு" என்றார் விஞ்ஞானி.

சுலோகத்தார் எழுந்து தன் சுலோகத்தைப் பாடிப் பொருள் சொன்னார்: "காட்டையும் கூட்டத்தையும் நினைச்சு நினைச்சே, கட்டுப்பட்ட யானை உருகிச் செத்துப்போகும்."

சொல்லும்போதே பார்வை யானையின் மேல் விழுந்தது. எத்தனையோ முறை படித்த வரிதான். யானையின் கண்ணைப் பார்த்துக்கொண்டு படித்ததில்லை.

கைதட்டல் காதைப் பிளந்தது. "பாத்தீங்களா, யானையே ஆமாங்குது!" என்று பூரித்தார் இயக்குநர்.

"ஐயா," என்றார் சுலோகத்தார். "பழசும் புதுசும் ஒண்ணையேதான் சொல்லுது. கொண்டுபோய்க் காட்டுலயே விட்டுடலாமே?"

விஞ்ஞானி தன் காலணியை ஆராயத் தொடங்கினார். இயக்குநர் சுலோகத்தாரைத் தனியே அழைத்துப்போய்த் தோளில் கை போட்டார்.

"என்ன சுலோகத்தாரே, விவரம் தெரியாம பேசுறீங்க! அவுத்து விட்டா ஆட்டுறத நிறுத்திடுமே. அப்புறம் உங்களுக்கும் விஞ்ஞானிக்கும் ஆதாரத்துக்கு எங்க போறது? நாளைக்கு உங்க பொண்ணு விஷயத்த வேற எடுக்கலாம்னு இருக்கேன். என்ன, யானை இங்கயே இருக்கட்டுமா?"

சுலோகத்தார் யானையைப் பார்த்தார். அது தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. இவரும் ஆட்டினார்.

யானை கழகத்திலேயே இருக்கும் என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. யானைக்காவது காலில் சங்கிலி இருந்தது.