இஸ்திரி அக்கா பிடித்து வைத்த வேட்டி

மட்டாஞ்சேரியில் வெள்ளைச் சட்டை போட்ட எவரும் இஸ்திரி அக்காவிடம் திட்டு வாங்காமல் தப்பியதில்லை. தப்பியதாக யாராவது சொன்னால், அவர் கசங்கின சட்டையோடு திரிந்தவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் பொய் சொல்கிறார்.

அக்காவின் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. பல வருடம் அடுத்த வீட்டில் இருந்தும் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு திட்டு விழும் என்று பயம். அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சலவைத் தொழிலுக்காக வந்தவர். அக்கா பிறந்தது, வளர்ந்தது, சண்டை போட்டது எல்லாம் கொச்சியில். அதனால் தமிழில் ஆரம்பிக்கும் வசவு மலையாளத்தில் போய் முடியும். நானோ ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்; எந்த மொழியிலும் எதிர்த்துப் பேச வராது. என்னை “ஊமைத் தம்பி” என்றுதான் கூப்பிடுவார்.

துணியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். அதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாது. ஒருநாள் வாத்தியார் ஒருவர் சட்டை வாங்க வந்து நின்றார். அக்கா காலரைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

“மாஷே, காலர் முழுக்கக் கறுப்புச் சாயம். மை அடிச்சா தலையோட நிறுத்தணும். சட்டைக்கும் எளமை திரும்பணுமா?”

வாத்தியார் அதற்கப்புறம் மனைவியை அனுப்பினார். அக்கா மனைவியிடமும் அதையே சொன்னார்.

சர்க்கரை வியாதியில் அவருடைய வலது காலை முழங்காலுக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். “காலு போச்சு, நாக்கு மட்டும் அப்படியே இருக்கே” என்று எதிர்வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். “அதையும் எடுத்துக்கோங்கன்னுதான் சொன்னேன். டாக்டருக்குத் தைரியம் வரலை” என்றார் அக்கா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் உயரமான ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பழையபடி தேய்க்க ஆரம்பித்தார். நான் போர்ட் கொச்சியில் சின்ன ஓட்டல் ஒன்றில் படுக்கை விரிப்பு மாற்றுகிறவன். விரிப்புகளை அக்காவிடம் கொண்டுவந்து கொடுத்து, தேய்த்ததும் எடுத்துப் போவேன். போகிற வழியில் மற்றவர்கள் துணியையும் வீடுவீடாகக் கொடுப்பது என் வேலையானது.

அக்காவிடம் இன்னொரு விசித்திரமும் இருந்தது. பகலில் யார் கொடுத்தாலும் சாயா குடிக்க மாட்டார். தண்ணீரும் தொட மாட்டார். ஏதோ நேர்த்திக்கடன் என்றார்கள் சிலர். திமிர் என்றார்கள் பலர். நான் ஒருநாள் பாவம் என்று ஒரு கிளாஸ் சாயா வாங்கி வந்து வைத்தேன்.

“எடுத்துட்டுப் போடா. குடிச்சா பின்னால ஒண்ணுக்கு வரும். நீயா என்னைத் தூக்கிட்டுப் போவே?”

எனக்குக் காது வரை சூடாகிவிட்டது. அந்தச் சாயாவைச் சந்து முனையில் நின்று நானே குடித்தேன்.

அன்றைக்குத்தான் விஷயம் புரிந்தது. கழிவறை முற்றத்தின் அந்தப் பக்கம் இருக்கிறது. வாசலிலிருந்து முற்றத்துக்கு மூன்று படி. மகள் இடப்பள்ளியில் துணிக்கடை ஒன்றில் நிற்கிறாள். காலையில் அவள் தாங்கிப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோனால், அடுத்தது இருட்டி அவள் வீடு திரும்பிய பிறகுதான். நடுவில் நாள் முழுக்க, கொதிக்கிற பெட்டிக்கு முன்னால், தொண்டையில் ஒரு சொட்டு இறங்காது. ஒரு மனுஷி தாகத்தை அடக்கி ஊராருக்கு மடிப்புக் கலையாத சட்டை கொடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் அதைத் திமிர் என்றோம்.

அரசாங்கம் இப்படிப்பட்டவர்களுக்கு வீல்சேர் கொடுக்கிறது, வீட்டு வாசலில் சாய்வுப் பாதையும் கட்டிக் கொடுக்கிறது என்று மகள் கேள்விப்பட்டு வந்தாள். அளவெடுக்க முகாம் வைத்தார்கள். எங்கே? மாடியில். லிப்ட் கிடையாது. நடக்க முடியாதவர்களை வரச் சொல்லிவிட்டு மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அந்த மூளையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தூக்கிப் போகிறோம் என்று இரண்டு பேர் வந்தார்கள். அக்கா ஆட்டோவை விட்டு இறங்கவில்லை.

“நான் மூட்டையில்ல. மேல இருக்கிற சாரன்மாருக்கு ரெண்டு காலும் இருக்கில்ல? அவங்க எறங்கி வரட்டும்.”

அவர் குரலுக்கு மாடி ஒரு தூரமே இல்லை. கொஞ்ச நேரத்தில் நாடாவும் கையுமாக அதிகாரி இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால், மாடியில் காத்திருந்த மற்ற அதிகாரிகளும் வந்தார்கள். கடைசியில் முகாமே ஆட்டோ ஸ்டாண்டில் நடந்து முடிந்தது.

வீல்சேர் வந்தது. முதுகுச் சாய்மானத்தில், யாருடைய நிதியிலிருந்து வந்தது என்று மஞ்சள் பெயிண்டில் கவுன்சிலரின் பெயர். “என் முதுகுக்குப் பின்னால இவன் எதுக்கு?” என்று அக்கா அதன்மேல் ஒரு பழைய துண்டைப் போட்டு மூடினார். அப்புறம் பல மாதம் கழித்து ஒப்பந்தக்காரர் வந்து சாய்வுப் பாதையைக் கட்டினார். குறை சொல்ல முடியாது, நன்றாகவே கட்டினார். சரிவு மெல்லியது, தரை சொரசொரப்பு, பிடித்துக்கொள்ளக் கம்பி. சிமெண்ட் காய்ந்ததும் குறுக்கே ஒரு கயிறு கட்டிவிட்டுப் போய்விட்டார்.

“உத்காடனம் கழியாம ஏறண்டா சேச்சி” என்றார். திறப்பு விழா முடியாமல் ஏறக் கூடாதாம்.

கவுன்சிலருக்குத் தேதி ஒழியவில்லை. ஒரு வாரம் கல்யாணம், ஒரு வாரம் கட்சி மாநாடு, அப்புறம் மழை. கட்டி முடித்த பாதை கண் முன்னால் கிடக்க, அக்கா அதைப் பார்த்துக்கொண்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கயிற்றை அறுத்துவிடலாம் என்று நான் முணுமுணுத்தேன். “அறுத்தா பில்லு பாசாகாதுன்னு ஒப்பந்தக்காரன் அழுவான்டா. அவன் ஒருத்தன்தான் ஒழுங்கா வேலை செஞ்சவன்” என்றார் அக்கா.

விழாவுக்கு முந்தின நாள் ஒரு கருங்கல் பலகை வந்து இறங்கியது. இடுப்பு உயரம், பொன்னிற எழுத்து. எழுத்துக்கூட்டிப் படித்தேன். கவுன்சிலரின் பெயர் பெரிதாக இருந்தது. அக்காவைப் பற்றி ஒன்றும் இல்லை. போட்டோவில் கல்லும் பாதையும் கவுன்சிலரும் ஒன்றாக விழ வேண்டும் என்று, சரியாகப் பாதையின் அடிவாரத்தில், நடு மத்தியில் அதை நட்டார்கள். நாற்காலி இறங்கித் திரும்ப வேண்டிய இடம் அது.

“சேட்டா, நான் எப்படிப் போறது?” என்று அக்கா கேட்டார்.

கல் நட்டவர் தலையைச் சொறிந்தார். “அது உத்காடனம் கழிஞ்ஞு நோக்காம் சேச்சி.” விழா முடிந்து பார்க்கலாமாம்.

அக்கா திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உள்ளே போய்ப் பெட்டியைச் சூடாக்கி, விழாவுக்கென்று கவுன்சிலர் கொடுத்திருந்த கதர்ச் சட்டையையும் வேட்டியையும் கஞ்சி மொறமொறக்கத் தேய்த்தார். அப்பளம் மாதிரி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். விழா நாள் காலையில் நான் வழக்கம்போலக் கையை நீட்டினேன்.

“ஊமைத் தம்பி, இது மட்டும் நீ கொண்டுபோக வேண்டாம். சார் வந்து வாங்கிக்கட்டும்னு போய்ச் சொல்லு.”

வாழ்க்கையில் நான் சொன்ன மிகக் கஷ்டமான வாக்கியம் அது. கவுன்சிலர் வீட்டு வாசலில் நின்று மூன்று முறை தொண்டையைச் செருமிய பிறகுதான் வெளியே வந்தது.

முற்றத்தில் மைக், நாற்காலி, போட்டோக்காரர் எல்லாம் தயார். கவுன்சிலர் கட்டம் போட்ட கைலியோடு யாரோ ஒருவரின் ஸ்கூட்டரின் பின்னால் வந்து இறங்கினார்.

“எந்தா சேச்சி இது? ஆளுங்க காத்து நிக்குன்னு. எண்டெ முண்டு தா.” முண்டு என்றது அந்த வேட்டியை.

“தர்றேன் சாரே. இந்த வீல்சேர்ல உட்காருங்க. கக்கூஸ் கதவு வரைக்கும் உருட்டிட்டுப் போய்த் தொட்டுட்டு வாங்க. முண்டு உங்களுக்கு.”

“வெளயாடறியோ?”

“வெளயாட எனக்குக் காலில்ல சாரே. எனக்கு ஒண்ணுக்குப் போகணும். அதுக்குத்தான் சர்க்கார் இதைக் கட்டிச்சு. உங்க போட்டோவுக்கில்ல.”

முற்றத்தில் சிரிப்பு கிளம்பியது. கைலியோடு போட்டோ எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் அவர் உட்கார்ந்தார் என்று நினைக்கிறேன். யாரோ கயிற்றை அவிழ்த்தார்கள். நான் பின்னால் பிடித்துக்கொண்டேன். நாற்காலி அழகாக இறங்கியது. அடிவாரம் வந்ததும் கவுன்சிலரின் இரண்டு முட்டியும் அவருடைய பெயரின் மேலேயே போய் இடித்தன.

“அய்யோ!”

“எனக்கு ஒரு முட்டிதான் சாரே, பாதிதான் வலிக்கும்” என்று மேலேயிருந்து குரல் வந்தது.

கடப்பாரை வந்தது. கல்லைப் பெயர்த்துச் சுவரோரமாகச் சாய்த்தார்கள். வேட்டி கைமாறியது. கவுன்சிலர் அதை உடுத்திப் பளபளவென்று வந்து ரிப்பனை வெட்டி, மைக்கைப் பிடித்து, “நம்முடே சர்க்கார்...” என்று ஆரம்பித்தார். அக்கா காத்திருக்கவில்லை. நான் மேலே தள்ளிக்கொண்டு வந்திருந்த வீல்சேரில் மாறி உட்கார்ந்து, தானே உருட்டிக்கொண்டு இறங்கி, தானே திரும்பி, எல்லோர் முன்னாலும் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கவுன்சிலர் மைக்கைக் கீழே இறக்கினார். கூட்டம் முழுவதும் ஒரு கதவைப் பார்த்துக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அக்கா வெளியே வந்தார்.

“ஆ, இனிப் பேசுங்க சாரே.”

இப்போது அக்கா மகளோடு இடப்பள்ளியில், லிப்ட் இருக்கிற கட்டடம் ஒன்றில் இருக்கிறார். லிப்ட்காரரைத் திட்டிக்கொண்டிருப்பார். எங்களுக்கு அடுத்த சந்தில், மேலே லாரி ஏறி இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போன ஒருவர் இதே மாதிரி மூன்று படிக்கு மேலே காத்திருக்கிறார். மனு கொடுத்து நாளாகிவிட்டது. அவரிடம் யாருடைய வேட்டியும் இல்லை. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

விழாவுக்கு மறுநாள் மத்தியானம் விரிப்புகளோடு போனேன். அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, “ஊமைத் தம்பி, ஒரு சாயா வாங்கிட்டு வா. சீனி வேண்டாம்” என்றார். வாங்கி வந்தேன். ஊதிக்கூடப் பார்க்காமல் குடித்தார். கிளாஸை நீட்டினார்.

“இன்னொண்ணு.”

ஓடினேன். கடைக்காரர் அதிசயமாகப் பார்த்து, “எடோ, இப்பதானே வாங்கிட்டுப் போனே? ஆர்க்கா இது?” என்று கேட்டார்.

கடை நிறைய ஆட்கள். நான் தொண்டையைச் செருமக்கூட இல்லை. சந்துக்கே கேட்கும்படி சொன்னேன்.

“எங்க அக்காவுக்கு.”