கூச்ச சுபாவமுள்ள நீலச் சிலந்தி

பத்திரிகையில் வேலை பார்ப்பவர்கள் பத்திரிகையில் வருவதை நம்புவதில்லை. அதை எழுதியவர் யார், எவ்வளவு அவசரத்தில் எழுதினார், அப்போது சாப்பிட்டிருந்தாரா என்பது வரை தெரிந்திருப்பதால் வரும் அவநம்பிக்கை இது. இந்த விதியை நான் ஒரே ஒரு தடவை மீறினேன். அதன் விளைவு இன்னும் எங்கள் வீட்டு ஹாலில், கண்ணாடித் தொட்டிக்குள், மண்ணுக்கு அடியில் உயிரோடு இருக்கிறது.

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. அருப்புக்கோட்டையில் வீடு. மதுரையில் ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் உதவி ஆசிரியர் வேலை. தினமும் பஸ். இப்படிப்பட்ட மாப்பிள்ளைக்கு எங்கள் பக்கத்தில் என்ன மதிப்பு என்பதைப் பெண் வீட்டார் ஒவ்வொருவராக வந்து தெரிவித்துவிட்டுப் போனார்கள். பையனைப் பார்த்த பிறகு அவன் வீட்டையும் பார்க்க வருவது வழக்கம். குழாயில் தண்ணீர் வருகிறதா, மாமியார் முகத்தில் சிரிப்பு வருகிறதா என்று சோதித்துவிட்டுத்தான் பேச்சை முடிப்பார்கள். மூன்று குடும்பங்கள் வந்தன, காபி குடித்தன, "கலந்துக்கிட்டுச் சொல்றோம்" என்றன. இன்னும் கலந்துகொண்டிருக்கிறார்கள்.

தரகர்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். "தம்பி, உங்க ஹால்ல பாக்குறதுக்கு ஒண்ணும் இல்ல. வந்தவுக வேற எதப் பாப்பாக? உங்களத்தான் பாக்கணும். அதுதான் சிக்கலு."

நான்காவது இடம் பந்தல்குடி. பெண்ணின் பெயர் பாண்டிச்செல்வி, ஒரு மில்லில் கணக்குப் பார்ப்பவர். போட்டோவிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. (பெண் பார்க்கும் போட்டோவில் எல்லாரும் சிரிப்பார்கள். இவர் 'சீக்கிரம் எடுப்பா, வேல கெடக்கு' என்பது போல் கேமராவைப் பார்த்திருந்தார்.) இந்த இடம் தட்டிப்போகக் கூடாது என்று முடிவு செய்தேன். முடிவு செய்வது மட்டும்தான் அதுவரை எனக்கு நன்றாக வந்துகொண்டிருந்தது.

அந்த வார இணைப்பில் விநோத வளர்ப்புப் பிராணிகள் பற்றி அரைப் பக்கக் கட்டுரை. 'வரவேற்பறைக்கு வண்ணம் சேர்க்கும் சிலந்தி' என்று தலைப்பு வைத்தேன். சிலந்திகளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. இருந்த இடத்துக்கு அந்தத் தலைப்பு அளவாக இருந்தது, அவ்வளவுதான். அச்சில் பார்த்தபோது உண்மை போலவே தெரிந்தது. அந்தத் தலைப்பை நம்பிய ஒரே வாசகன் நான்தான்.

மதுரையில் மீன் தொட்டி விற்கும் கடை ஒன்றின் பின்கட்டில் டாரண்டுலா என்கிற பெரிய ரோமச் சிலந்திகள் இரண்டு இருந்தன. முதலாவது பழுப்பு. ஓய்வு பெற்ற தாசில்தார் போலப் பெட்டியின் நடுவில், யார் வந்தாலும் எழுந்திருக்கத் தேவையில்லை என்ற நிம்மதியோடு உட்கார்ந்திருந்தது. இரண்டாவது நீலம். எங்கள் ஊர்த் தறிகளில் மயில்கழுத்துக் கலர் என்பார்களே, அந்த நீலம். உள்ளங்கை அகலம். பட்டுச்சேலையைக் கிழித்துக் கால்களில் சுற்றியது போல் இருந்தது.

"வீட்டுக்கு இந்த ப்ரவுன் எடுத்துக்கங்க சார்" என்றார் கடைக்காரர். "எந்நேரமும் வெளிய இருக்கும்."

"அந்த நீலம்?"

"அதுவா..." அவர் கொஞ்சம் யோசித்தார். "அது கூச்ச சுபாவம் சார்."

"கடிக்குமா?"

"உயிருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா ரெண்டு நாளைக்கு வீங்கிப்போயி நீங்களே உங்களப் பாக்க முடியாது. பொட்டச் சிலந்திங்க சார், இருபது வருஷம் உயிரோட இருக்கும்."

எனக்கும் கூச்ச சுபாவம்தான். நீலத்தையே வாங்கினேன். ஒரு பிராணியைக் காட்சிக்கு வைக்க வாங்குபவன் அது கண்ணில் படுமா என்று கேட்க வேண்டும் என்பது, பத்து வருடம் கேள்வி கேட்டே பிழைத்தவனுக்குத் தோன்றவில்லை.

அம்மா தொட்டியைச் சுற்றிவந்து பார்த்தார். "ஊருல உள்ளவுக எல்லாம் ஒட்டடக் கம்ப எடுத்துக்கிட்டுச் சிலந்திய வெரட்டுறாக. நீ காசு குடுத்து, பஸ்ஸுல சீட்டுப் போட்டுக் கூட்டியாந்துருக்க."

தொட்டிக்குள் தேங்காய் நார்த்தூள் போடச் சொல்லியிருந்தார் கடைக்காரர். நான் திருச்சுழிப் பக்கம் அப்பா விவசாயம் பார்க்கும் காட்டிலிருந்து ஒரு சாக்குக் கரிசல் மண் கொண்டுவந்தேன். நம் மண்ணின் அடையாளம் என்று நினைப்பு. அதை நனைத்து, இயற்கைக் காட்சி போல நடுவில் ஒரு மேடு பிடித்து, மேலே மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு குட்டி விளக்கும் பொருத்தினேன். பிளக் பாயிண்ட் இருந்த ஒரே இடம் வடகிழக்கு மூலை என்பதால் தொட்டி அங்கே வந்தது.

சிலந்தி மேட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தது. பிறகு அதன் உச்சியில் ஒரு துளை போட்டு உள்ளே போனது. அவ்வளவுதான். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. துளையின் வாயில் வெள்ளையாகக் கொஞ்சம் நூல் பின்னி வைத்திருந்தது. மண் காய்ந்து, கரிசலின் பிறவிக் குணப்படி வெடித்து, மேடு இன்னும் கொஞ்சம் கரடுமுரடானது.

"ஏண்டா, மண்ணுக்கு எதுக்குடா லைட்டு?" என்றார் அம்மா.

தொட்டியைக் காலி செய்யலாம்தான். உள்ளே எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாத ஒன்றின் வீட்டுக்குள் கைவிட யாரும் முன்வரவில்லை, நான் உட்பட.

பந்தல்குடிக்காரர்கள் வந்த வெள்ளிக்கிழமை காலையில் அம்மா குத்துவிளக்கை ஏற்றினார். ஃபேன் காற்று படாத மூலை என்பதால் அதைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். நிலைவாசலுக்குப் போக மிஞ்சிய செவ்வந்திச் சரத்தை, மூடியின் பிளாஸ்டிக் கொக்கி தெரியாமல் இருக்க அதன் மேல் சுற்றினார். ஒவ்வொரு காரியத்துக்கும் நியாயமான காரணம் இருந்தது. எல்லாம் சேர்ந்து என்னவாகத் தெரிகிறது என்று தள்ளி நின்று யாரும் பார்க்கவில்லை.

வந்தவர்களில் பெண்ணின் அப்பா பேசாதவர். பேசுவதும் முடிவெடுப்பதும் அவருடைய அக்கா. பாண்டிச்செல்விக்குப் பெரிய அத்தை. அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார், வடகிழக்கு மூலையில் பார்வை நின்றது. விளக்கு. பூ. மஞ்சள் வெளிச்சம். நடுவில் வெடித்த மண்மேடு, அதன் உச்சியில் ஒரு துளை, துளையின் வாயில் பால் காய்ந்தது போல் வெள்ளை.

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"புத்து" என்றார், தம்பியைப் பார்த்து. "வீட்டுக்குள்ளயே புத்து வச்சுக் கும்புடுறாக."

என் வாய் திறந்தது. அம்மாவின் பார்வை அதை மூடியது.

"எத்தன வருசமா இருக்கு?" என்று கேட்டார் பெரிய அத்தை.

"அது இருக்கு, நாலு தலைமொறையா" என்றார் அம்மா. (வீடு கட்டி எட்டு வருடம். லோன் இன்னும் பாக்கி.)

"கண்ணாடி போட்டிருக்கீக?"

"சின்னப் பிள்ளைக நடமாடுற வீடு." (வீட்டில் இருந்த ஒரே பிள்ளை நான்.)

நான் அப்பாவைப் பார்த்தேன். தன் காட்டு மண் இவ்வளவு தூரம் முன்னேறியதில் அவருக்கு ஆட்சேபம் இருப்பதாகத் தெரியவில்லை.

"ஒரு தம்ளர் பாலு குடுங்க. வெள்ளிக்கெழம அதுவுமா ஊத்தாமப் போகக் கூடாது" என்றார் பெரிய அத்தை. காபிக்கு வைத்திருந்த பால் வந்தது. "பெரியம்மா, வேண்டாம், அது..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் சரத்தை ஒதுக்கி, கொக்கியை எடுத்து, மூடியைத் திறந்து, துளைக்குள் ஊற்றிவிட்டார்.

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு துளையிலிருந்து இரண்டு நீலக் கால்கள் வந்தன. பிறகு மற்றவை. இத்தனை நாள் நான் கெஞ்சியும் வராதது, முழு உருவமாக, விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று, பால் சொட்ட வந்து நின்றது. நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேலே தூக்கியது.

அந்தக் கட்டுரையை எடிட் செய்தவன் நான். கடிப்பதற்கு முன் டாரண்டுலா அப்படித்தான் நிற்கும் என்று அதில் ஒரு வரி இருந்தது. இடம் போதாமல் அதை வெட்டியவனும் நானே.

பெரிய அத்தையின் கை இன்னும் தொட்டிக்குள் இருந்தது.

"கும்புடுது" என்றார் அவர் மெதுவாக. கையை வெளியே எடுத்து, தம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்குக் கும்பிட்டார். நான் மூடியைச் சாத்தினேன். அன்று நான் செய்த ஒரே ஆண்மையான காரியம் அது. கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன். அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

"தாம்பூலம் மாத்திருவோம்" என்றார் பெரிய அத்தை. "ஆத்தாளே வந்து சொல்லிட்டா."

எங்கள் பத்திரிகையில் தவறான செய்தி வந்தால் மறுநாள் ஆறாம் பக்கத்தில், யார் கண்ணிலும் படாதபடி, திருத்தம் போடுவோம். அந்தப் பழக்கத்தில் மாலையில் பாண்டிச்செல்விக்குப் போன் செய்தேன். பொய்யைச் சொல்லிக் கட்டிக்கொள்ள மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் கட்டிக்கொள்ளவே முடியாது.

"உங்கள்ட்ட ஒண்ணு சொல்லணும். அது புத்து இல்ல."

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"அத்த வந்து சொன்னாக, ஆத்தா எட்டுக் காலோட வந்தான்னு. ஆத்தாளுக்கு எட்டுக் கையி உண்டு. எட்டுக் காலு ஏதுன்னு யோசிச்சேன். என்னது, சிலந்தியா?"

"டாரண்டுலா."

"எதுக்கு வாங்குனீக?"

"நீங்க பாக்குறதுக்கு."

போனில் 'க்கும்' என்று ஒரு செருமல் கேட்டது. சிரிப்பை அடக்குகிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

"உங்க அத்தைகிட்ட நானே சொல்லிர்றேன்" என்றேன்.

"தாராளமாச் சொல்லுங்க. அடுத்த வாரமே வேற வீடு பாக்கக் கெளம்பிருவாக. இதுவரைக்கும் ஒரு வீட்டுல மாடிப்படி சரியில்ல, ஒரு வீட்டுல மாமியா தும்மிட்டாக, இன்னொரு வீட்டுல நாய் அவுகளப் பாத்த பார்வை சரியில்ல. இனிமேலும் சேலையக் கட்டிக்கிட்டுக் காபித் தட்டத் தூக்க என்னால ஏலாது. எங்கிட்டச் சொல்லிட்டீகள்ல, போதும். வச்சிருங்க."

அந்தத் திருத்தம் பிரசுரமாகவில்லை. கல்யாணம் நடந்தது.

பெரிய அத்தை வருடம் தவறாமல் ஆடி வெள்ளியில் பந்தல்குடியிலிருந்து பாலும் முட்டையுமாகப் பஸ் ஏறி வருகிறார். பாலைப் புற்றில் ஊற்றக் கூடாது, முன்னால் தட்டில்தான் வைக்க வேண்டும் என்பது இந்த வீட்டு ஐதீகம் என்று பாண்டிச்செல்வி முதல் வருடமே அறிவித்துவிட்டாள். (அம்மா உடனே, "நாலு தலைமொறையா" என்று சேர்த்துக்கொண்டார்.) மற்ற நாட்களில் கரப்பான் பிடித்துப் போடுவது என் வேலை. கடைக்காரர் இருபது வருடம் என்றது சரியாக இருந்தால் இன்னும் நிறைய ஆடி பாக்கி இருக்கிறது.

நான் அதன் பிறகு யார் முன்னாலும் நிம்மதியாகக் கைகூப்பியதில்லை. கல்யாண மண்டப வாசலில் சொந்தக்காரர்களைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினால், பக்கத்தில் நிற்கும் என் மனைவி முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் அவர்களிடம் சொல்கிறாள்:

"கொஞ்சம் தள்ளியே நில்லுங்க. கும்புடுறாகளா, கடிக்கப் போறாகளான்னு இன்னும் தெரியல."