பின் சீட்டின் எடை

லாரி ஷெட்டில் அவருக்குச் சிக்கனம் என்று பெயர். புதிதாகச் சேரும் டிரைவர்களுக்கு டீசலை மிச்சம் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. "தூங்குற நாயோட வாலைத் தாண்டுற மாதிரி ஆக்சிலேட்டர்ல காலை வைக்கணும்" என்பார். எந்த லாரியின் டயரில் காற்றுக் குறைந்தாலும் அவருக்குத்தான் மூச்சு வாங்கும். பதினாறு சக்கர லாரியும் அவர் பேச்சுக்குக் கட்டுப்படும். வீட்டில் மட்டும் பிரேக் வேறொருவர் காலடியில் இருந்தது.

அவரிடம் ஒரு பெரிய கார் உண்டு. மூன்று வரிசை சீட்டு. மூன்றாவது வரிசை சட்டப்படி அவருடையது, அனுபவ பாத்தியதையில் மச்சினனுடையது. ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைக்குப் போகலாம் என்று சாவியைத் தொட்டால் போதும், மூக்கில் வியர்த்தது போல மச்சினன் குடும்பத்தோடு வந்து நிற்பான். அவன் மனைவியும் மூன்று பிள்ளைகளும் நடு வரிசையை அடைத்துக்கொள்வார்கள். அவன் பின் வரிசையில், தலையணையோடு, நீளமாக. தெருமுனை தாண்டுவதற்குள் குரல் வரும்:

"மாமா, ஏசியைக் கொஞ்சம் கூட்டுங்க."

சிக்கனம் மனதுக்குள் அவனுக்கு ஓவர்லோடு என்று பெயர் வைத்திருந்தார். வெளியே சொன்னதில்லை. அவருக்கு இருந்தது ஒரே ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்றே ஒன்று, தானும் மனைவியும் மட்டும் ஆற்றங்கரையில் உட்கார்ந்து பேச வேண்டும். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த ஒரு பேச்சு இன்னும் பாதியில் நிற்கிறது.

'வராதே' என்று மச்சினனிடம் சொல்ல அவருக்கு நா எழாது. வண்டியைப் பற்றி என்றால் எழும். எழுந்தது.

"நம்ம கார் மொடாக்குடியா மாறிடுச்சு" என்றார்.

"யாரோட சேர்ந்து?" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"எல்லாம் எடை பண்ற வேலை. வேண்டாத எடையைச் சுமந்தா லாரியும் சரி, காரும் சரி, டீசலைக் குடிக்கத்தான் செய்யும். பின் சீட்டைக் கழட்டிடலாம்னு இருக்கேன்."

சண்டைக்குத் தயாராக நின்றார். அவள் என்ன கேட்டால் என்ன சொல்வது என்று ஒத்திகையே பார்த்திருந்தார்.

"கழட்டுங்க" என்றாள்.

"இல்ல, உன் தம்பிக்கு இடம்..."

"டீசலை விடவா அவன் பெரிசு? ஆமா, கழட்டின சீட்டை எங்க போடுவீங்க?"

"ஷெட்டுல."

"எலி கடிச்சுப் பஞ்சைப் பிச்சிடும். ஹால்ல போடுங்க."

ஜெயித்தவனுக்குப் பெருந்தன்மை வருவது இயற்கை. அவரே போல்ட்டுகளைக் கழற்றினார். ஷெட் மெக்கானிக் ஒரு முனையைப் பிடிக்க, தாம் மறுமுனையைப் பிடித்து, ஹாலுக்குத் தூக்கி வந்தார். ஃபேனுக்கு நேர் கீழே அவள் விரல் காட்டிய இடத்தில் வைத்தார்.

"ஆடுதுங்க."

மரக்கட்டை அறுத்து அடியில் முட்டுக்கொடுத்தார். ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்ற பிறகுதான் எழுந்தார். அரைகுறை வேலை அவருக்கு ஆகாது. மறுநாளே சீட்டுக்கு அளவெடுத்துத் தைத்தது போல ஒரு பூப்போட்ட உறை வந்தது. அளவை அவள் எப்போது எடுத்தாள் என்று அவர் யோசித்திருக்கலாம். சந்தோஷம் யோசிக்க விடவில்லை.

ஞாயிறு காலை. இஸ்திரி போட்ட சட்டை. படிய வாரிய தலை. சாவியைத் தொட்டார். மணி அடித்தது.

மச்சினன் நின்றான். கக்கத்தில் தலையணை. பின்னால் குடும்பம்.

"அடடா, வண்டியில இடமில்லையே மாப்ள!" என்றார், வராத வருத்தத்தை வரவழைத்துக்கொண்டு.

"அக்கா சொல்லிச்சு மாமா. அதனாலதான் வெளிய எங்கயும் போக வேணாம், இங்கயே இருந்து ராத்திரி சாப்பிட்டுப் போலாம்னு வந்துட்டோம்."

நேரே போய்ச் சீட்டில் படுத்தான். இந்தப் பக்கம் புரண்டான். அந்தப் பக்கம் புரண்டான்.

"கார்ல போட்டுக் குலுக்கும். இங்க பாருங்க, அசையவே மாட்டேங்குது! மட்டம் பார்த்தது யாரு மாமா?"

சிக்கனம் சமையலறைக்கு ஓடினார். குரலைத் தாழ்த்தினார்.

"சீட்டை இப்பவே வண்டியில மாட்டிடறேன். அரை மணி நேர வேலை."

"வேணாங்க, எடை கூடிடும்."

"கூடட்டும்!"

"டீசல் குடிக்குமே."

"குடிச்சுத் தொலையட்டும்!"

"சேச்சே. சொன்ன சொல்லுல நிக்கணுங்க. ஷெட்டுல அத்தனை டிரைவருங்க உங்களைப் பார்த்துத்தானே கத்துக்கறாங்க?" வெங்காயக் கூடையை அவர் பக்கம் நகர்த்தி, கத்தியைக் கையில் கொடுத்தாள். "பொடியா நறுக்குங்க. இனிமே ஞாயித்துக்கிழமைல ஒரு சொட்டு டீசல் செலவாகாது."

அவர் நறுக்கினார். கண்ணீருக்கு ஒரு கௌரவமான காரணமாவது கிடைத்தது. முதல் வெங்காயம் முடிவதற்குள் ஹாலிலிருந்து குரல் வந்தது:

"மாமா, ஃபேனைக் கொஞ்சம் கூட்டுங்க."