மையமில்லாத சங்கமும் அஞ்சு மணி பஸ்ஸும்

"தலைவரே இல்லாத வலைத்தளத்துல ஒரு புகார்னா யார்கிட்டங்க குடுக்கறது?" என்று சங்கத் தலைவர் சுப்பிரமணி மேசையைத் தட்டினார். ஆறாவது கூட்டத்திலும் அதே கேள்வி, அதே மேசை.

கடைசி நாற்காலியில் லோகேஷ் சுவர்க் காலண்டரைப் பார்த்தான். தேதி பன்னிரண்டு ஆகிவிட்டது. முப்பதாம் தேதியோடு கொட்டச்சேடு போகும் சாயங்கால அஞ்சு மணி பஸ்ஸை நிறுத்தப் போகிறார்கள். ஏற ஆளில்லையாம். ஏற்காடு ஏரிப்பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் நிற்கிற அவனுக்குக் கொட்டச்சேட்டு வீட்டுக்குத் திரும்ப அந்த ஒரு பஸ்தான்; அது போனால் வேலையும் போச்சு. அதனால் ஒரு மாதம் அதில் யார் ஏறினார்கள், எதற்கு ஏறினார்கள் என்று இருபத்துநாலு பக்கம் எழுதிவிட்டான். பொய் எழுதவில்லை. தினமும் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஆள்தானே?

பஸ் ஆபீசில் கேட்டான். தனி ஆள் எழுதினால் செல்லாது, பதிவு பெற்ற சங்கம் வெளியிட்டால் "உரிய கவனத்துடன் பரிசீலிக்கப்படும்" என்றார்கள். அவனுக்குத் தெரிந்த பதிவு பெற்ற சங்கம் ஒன்றுதான்: சேர்வராயன் மலை நெடுங்கட்டுரை எழுத்தாளர் நலச் சங்கம்.

அந்த வருஷம் சங்கத்துக்கு ஒரு புது வியாதி. பெரிய கம்பெனியின் தளத்தில் எழுதுவது அவமானம். அடுத்தவன் கடைக்குள் நம்ம சாமானை வைக்கிற மாதிரியாம். அவன் ஷட்டரை இறக்கினால் எழுத்தும் உள்ளே மாட்டிக்கொள்ளுமாம். அது நிஜம்தான். ஆகவே மையமில்லாத வலைத்தளம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்று தீர்மானம். மையம் எங்கேயும் முளைத்துவிடாமல் கண்காணிக்க ஒரு மையக் குழு.

கம்ப்யூட்டர் படித்த தீபிகா பொறுமையாகச் சொன்னாள். "இதுல முதலாளின்னு யாரும் இல்லீங்க. ஊருக்கு ஒரு சர்வர் வெச்சுக்கலாம். ஒண்ணுல எழுதினா மத்ததுலயும் தெரியும்."

"அப்ப ஊருக்கு ஒரு தலைவர் வேணுமே கண்ணு."

"வேண்டாங்க. அதுக்குத்தானுங்க இது."

"தலைவர் வேண்டாம்னு கையெழுத்துப் போட ஒரு தலைவர் வேணுமில்ல?"

தீபிகா லேப்டாப்பை மூடினாள். கொட்டச்சேடு, கரடியூர், வெள்ளக்கடை மூன்றுக்கும் மூன்று சர்வர், மூன்று தலைவர், மூன்று ரப்பர் ஸ்டாம்ப் என்று முடிவாயிற்று. ஸ்டாம்ப் மட்டும் அன்றைக்கு மத்தியானமே வந்துவிட்டது.

அப்புறம் தளம். முதல் தளம் ஐநூறு எழுத்துக்கு மேல் வாங்காது. "வணக்கம் சொல்றதுக்குள்ள முடிஞ்சிரும்" என்று செயலாளர் சரஸ்வதி தள்ளிவிட்டார். இரண்டாவதில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், லைக் மட்டும் கிடையாது. "லைக் இல்லாம எதுக்குங்க எழுதறது?" என்று ஒரு மூத்த கவிஞர் பேனாவை மூடி வைத்தார். மூன்றாவதில் நீளமும் உண்டு, லைக்கும் உண்டு. அதையே எடுத்துவிடலாம் என்று எல்லாரும் எழுந்தபோது சுப்பிரமணி கையைத் தூக்கினார்.

"நெடுங்கட்டுரைன்னா எத்தனை நீளங்க? அதை யாரும் சொல்லலியே."

நியாயமான கேள்வி. லோகேஷின் இருபத்துநாலு பக்கத்தையும் ஹால் தரையில் ஒன்றன்பின் ஒன்றாக விரித்தார்கள். கடைசி மூன்று பக்கம் வாசல்படியில் இறங்கிற்று. சரஸ்வதி டேப் பிடித்தார். இருபத்துமூன்றடிச் சொச்சம்.

"நீளம் சரி. அகலந்தான் கொஞ்சம் பத்தல" என்றார் சுப்பிரமணி. பெரிய மனசு பண்ணி அகலத்தைத் தளர்த்தினார்கள். அந்தக் கட்டுரையை அளந்தவர்கள் பதினோரு பேர். படித்தவர் யாருமில்லை.

கொட்டச்சேடு சர்வர் என்பது லோகேஷ் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர். அதில் கட்டுரையை ஏற்றியாயிற்று. மற்ற இரண்டு சர்வருக்கும் அது போக ஒப்புதல் வேண்டும். அதற்குத் திரையிலேயே ஒரு நீலப் பட்டன் இருந்தது. ஆனால் பட்டனில் ஸ்டாம்ப் அடிக்க முடியாதே? விதி எழுதினார்கள். கரடியூர், வெள்ளக்கடை கிளை உறுப்பினர்கள் கொட்டச்சேடு சர்வர் முன்னால் நேரில் ஆஜராகி, நாளுக்கு ஒரு பத்தி வீதம் ஒப்புதல் கடிதம் தர வேண்டும். டூவீலரில் வரக் கூடாது. வந்ததற்கு அத்தாட்சியாக பஸ் டிக்கெட்டைக் கடிதத்தில் குத்த வேண்டும். கட்டுரையில் ஒரு கமா மாறினாலும் மறுபடி முதல் பத்தியிலிருந்து.

கட்டுரையில் நூற்றுப் பன்னிரண்டு பத்தி.

"சர்வர் எங்க ஊட்டுலதானுங்க இருக்குது. நானே அழுத்திரட்டுங்களா?" என்றான் லோகேஷ்.

"அழுத்தினா நீ மையம் ஆயிருவே சாமி" என்றார் சுப்பிரமணி, சர்க்கரை வியாதியை முன்கூட்டியே கண்டுபிடித்த டாக்டர் மாதிரி.

லோகேஷ் ஏரிக்கரையில் நின்று எல்லாரையும் திட்டினான். அதை இங்கே எழுத முடியாது.

மறுநாள் அஞ்சு மணி பஸ்ஸில் ஏறினால் நிற்கக்கூட இடமில்லை. கரடியூர்க்காரர் பதினெட்டு, வெள்ளக்கடைக்காரர் இருபத்திரண்டு. ஒவ்வொரு மடியிலும் ஒரு ஃபைல். கண்டக்டர் அங்கப்பன் மிரண்டுபோனார்.

"ஏனுங்க, கொட்டச்சேட்டுல எழவுங்களா?"

"இல்லீங்க. முதல் பத்தி."

"நொம்ப வேண்டியவரோ?" என்று கேட்டபடி அங்கப்பன் டிக்கெட் கிழித்தார்.

தினமும் இதே கதை. லோகேஷ் வீட்டு வாசலில் வரிசை, கையெழுத்து, ஸ்டாம்ப், டீ, அதே பஸ்ஸில் திரும்பல். முப்பதாம் தேதி பஸ் ஆபீசிலிருந்து ஒருவர் கடைசியாக ஆள் எண்ண வந்தார். உள்ளே நுழைய முடியாமல் கொட்டச்சேடு வரை படியிலேயே தொங்கினார். இறங்கியதும் எழுதினார்: "பயணிகள் நெரிசலை முன்னிட்டு சேவை தொடரலாம். இப்பொருள் குறித்து எழுத்துப்பூர்வமாக எதுவும் வரப்பெறவில்லை."

பஸ் பிழைத்தது. கட்டுரை பதினெட்டாவது பத்தியில் நின்றது.

அடுத்த வாரம், தினமும் பஸ்ஸில் நின்று நின்று முட்டி வீங்கிப்போன சுப்பிரமணி, லோகேஷுக்கு லீவான ஒரு நாள் தீபிகாவைக் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணா, இந்தப் பட்டனை ஒரு தடவை அழுத்துங்க. மூணு சர்வரும் அதுவே பேசிக்கும். பேப்பரும் வேணாம், ஆளும் வர வேணாம்" என்றாள் தீபிகா.

"அழுத்திரு சாமி. மையக் குழுவுல தீர்மானமே போட்டாச்சு. உன் கட்டுரைய உலகமே படிக்கட்டும்" என்றார் சுப்பிரமணி.

லோகேஷ் நீலப் பட்டனைப் பார்த்தான். ஜன்னல் வழியே பஸ்ஸைப் பார்த்தான். நாற்பது பேர் ஃபைலோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். நாற்பதும் ஒன்பதும் நாற்பத்தொன்பது. அவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினான்.

"தீர்மானத்தோட அசல் வேணுங்களே. நகல் செல்லாதுங்க. மூணு கிளையும் நேர்ல வந்து குடுக்கோணும். டிக்கெட்டோட."

சுப்பிரமணிக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷ ஆபீஸ் சர்வீஸில் இத்தனை சுத்தமான பதிலை அவரே சொன்னதில்லை.

அவர்கள் போனதும் லோகேஷ் கட்டுரையைத் திறந்து முதல் பத்தியில் ஒரு கமாவை எடுத்தான். மறுநாள் திரும்பப் போட்டான். பட்டனை அழுத்தச் சொல்லி இதுவரை நாலு கடிதம் வந்துவிட்டது, நாலிலும் டிக்கெட் குத்தி. அவன் அழுத்தவில்லை.